கரிசலில் ஒரு மட்டை

தேவதானத்திலிருந்து கோவில்பட்டிக்கு நாங்கள் பலமுறை போயிருக்கிறோம். இராசபாளையம் வந்து, சங்கரன்கோவில், கழுகுமலை வழியாகப் பேருந்து மாறிப் போக வேண்டும். மலையும் மாந்தோப்பும் பின்தங்கிவிட, கரிசல் விரியத் தொடங்கும். போனதெல்லாம் இலக்கியத்தின் பொருட்டே. கி.ராஜநாராயணனின் இடைசெவல் அருகில்; பூமணி, தேவதச்சன், கோணங்கி என்று எங்களுக்கு அந்த ஊர் ஒரு நூலடுக்கு. அந்தி நேரத்தில் ஹாக்கி மட்டையோடு மிதிவண்டியில் போகும் சிறுவர்களையும் கண்டிருக்கிறோம். கண்டும் காணாதவர்களாகவே ஊர் திரும்பியிருக்கிறோம்.

அதை எங்களுக்கு உணர்த்தியது கனடா. வின்னிபெக் நகரில் குடியேறிய நண்பர் விடுப்பில் வந்தபோது, அந்நகரத்துப் பனி ஹாக்கி அணிகளைப் பற்றி ஓர் இரவு முழுக்கப் பேசினார். 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற 'ஃபால்கன்ஸ்' அந்நகரத்து அணி. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஐஸ்லாந்திலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள். சொந்த நகரின் முதல்நிலைப் போட்டியில் இடம் மறுக்கப்பட்டவர்கள். பின்னாளைய 'ஜெட்ஸ்' அணி 1996இல் அமெரிக்காவின் ஃபீனிக்சுக்குப் பெயர்ந்துபோனது. 2011இல் அட்லாண்டாவின் அணி வின்னிபெக்குக்கு வந்து அதே பெயரைச் சூடிக்கொண்டது. இவற்றையெல்லாம் குடும்பக் கதைபோல் அவர் சொல்லிமுடித்து, "நம்ம பக்கம் இப்படி ஒரு ஊர் உண்டா?" என்றார்.

கோவில்பட்டி என்றோம். மேற்கொண்டு சொல்ல எங்களிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. நாணத்தோடு உறங்கப்போனோம்.

அடுத்த முறை லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்திய ஆட்டங்களைப் பார்க்கவென்றே போனோம். கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை. ஆட்டத்துக்கு முன் அதன்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். வானம் பார்த்த பூமியில் அந்த ஈரத்தைப் பார்ப்பதே விசித்திரமாக இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர், இளமையில் மண் தரையில் ஆடியவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மண்ணுல பந்து எப்பத் துள்ளும்னு சொல்ல முடியாது தம்பி. நிறுத்துறதுதான் வித்தை. இதுல ஓட்டம்தான் வித்தை."

அந்த மூன்று வாக்கியங்களில் இந்திய ஹாக்கியின் வீழ்ச்சி முழுவதும் இருந்தது. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரைக்கு மாறியது 1976இல், கனடாவின் இன்னொரு நகரமான மான்ட்ரியலில். அதுவரை ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா அங்கே ஏழாம் இடம் பெற்றது. அதன்பின் நம் சிறுவர்கள் பழகியது ஓர் ஆட்டம், உலகம் ஆடியது வேறோர் ஆட்டம். கரிசலின் நடுவே விரிக்கப்பட்ட அந்தத் தரையின் அருமை இதனால்தான். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல் இடம்பெற்றார். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும் உடன் இருந்தார். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இந்தியா வெண்கலத்தோடு திரும்பியது.

வென்றவர்களின் பெயர் எப்படியும் ஏட்டில் ஏறிவிடும். பெரியவரோடு மண்ணில் ஆடியவர்களின் பெயர்கள்? கேட்டோம். ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். யார் இடப்புறம், யார் காவல், யாருக்கு முழங்கால் போனது என்று. கவிதை வரிகளைக் குறித்துக்கொள்ள நாங்கள் எடுத்துப்போயிருந்த நோட்டில் அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டோம். இரண்டாம் பாதி தொடங்கியபோது பத்துப் பெயர் ஆகியிருந்தது. பதினோராவது பெயரைச் சொல்லாமல் வெகுநேரம் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் கேட்கவில்லை.