கடல் நடுவே ஒரு தனிக்குடித்தனம்

ஊரிலிருந்து வரும் உறவினர், மாலையில் போர்ட் பிளேயர் மலைச்சரிவுகளில் மின்னும் விளக்குகளைக் கண்டு, "நெய்வேலி மின்சாரம் இங்கும் வருகிறதா?" என்று வினவுவதுண்டு. 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற இந்நகருக்கு அது வருவதில்லை.

2013 டிசம்பர் 31 அன்று தென்னாட்டு மின்தொடர் வடநாட்டுத் தொடரோடு இணைந்து, தாய்நாடு ஒரே மின்குடும்பமாயிற்று. நமக்கும் அதற்குமிடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வழியே செய்தி வந்தது, மின்சாரம் வரவில்லை. கப்பலில் வரும் டீசலே இங்குப் பெரும்பாலும் விளக்கேற்றுகிறது.

ஆயினும் நெய்வேலி நிறுவனம் வந்தது! அட்டம்பஹாட், டாலிகஞ்ச் பகுதிகளில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது. அதனருகே மின்கல அறைகளும் உள்ளன. ஏன்?

கமுதியில் மேகம் மறைத்தால், நாடெங்குமுள்ள நிலையங்கள் கைகொடுக்கும். இங்கு மேகம் மறைத்தால் கைகொடுக்க அண்டை அயல் இல்லை. டீசல் இயந்திரம் உடனே ஈடுகட்டாவிடில் ஊரே இருளும். அந்த இடைவேளையைத் தாங்கவே மின்கலங்கள். அவற்றின் கொள்ளளவு 8 மெகாவாட்-மணி. நிலையம் முழு வலிமையில் 24 நிமிடம் தரும் மின்சாரம் அவ்வளவே. இரவு முழுவதற்கும் அது போதாது. அப்பொழுது டீசலே துணை.

அன்பர்களே, உற்றார் அருகிலின்றிக் குடித்தனம் நடத்தும் நமக்கு இது புதிதன்று. கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் தளர்ந்தால் பத்துப்பேர் தாங்குவர். தனிக்குடித்தனத்துக்குச் சேமிப்பே சுற்றம்.