சவின்: எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று

எஸ், ஏ, எம், எச், ஏ, ஐ, என். எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். 'சாம்ஹெயின்' என்றுதானே வருகிறது? அயர்லாந்துக்காரர் பக்கத்தில் இருந்தால் சிரித்துவிடுவார். அவர்கள் வாயில் அது 'சவின்'. வேகமாகச் சொன்னால் 'சௌன்'. பெயரில் 'சவ' இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம் :)

'ம்' எங்கே போச்சு? ஐரிஷ் மொழியில் எம்-முக்குப் பக்கத்தில் எச் வந்தால் 'ம்' இளகி 'வ்' ஆகிவிடும். முன்பெல்லாம் எச் கிடையாது, எம் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டில்தான் புள்ளி மறைந்து எச் நிலைத்தது. அதாவது அந்த எச் ஓர் எழுத்தே இல்லை, 'இதை மெதுவாகச் சொல்லு' என்கிற குறிப்பு. தெரியாதவர்கள் அதையும் சேர்த்து உச்சரித்துவிடுகிறார்கள்.

நமக்கு இது புதுசா என்ன? என் மகளின் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதினோம். புனேயில் எல்.கே.ஜி. தொடங்கி இன்றுவரை எல்லோருக்கும் அது 'ஸ'தான். இப்போதெல்லாம் அவளே தன் பெயரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். தங்கமணிக்கு அதில் ரொம்ப வருத்தம். எனக்கும்தான், வெளியே காட்டிக்கொள்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அக்டோபர் 31 அன்று எங்கள் சொசைட்டியில் வாண்டுகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சாக்லேட் கேட்டு வருவார்கள். 'ஹாலோவீன்னா என்னப்பா?' என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வியில் இழுத்ததுதான் இந்தச் சவின்.

முதலில் ஒரு புரளியைத் தீர்த்துவிடலாம். சவின் என்பது மரண தேவதையின் பெயர் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் வாலன்சி என்ற ராணுவப் பொறியாளர் கிளப்பிவிட்டது அது. உண்மையில் அப்படி ஒரு தேவதையே கிடையாது. ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே சவின் என்றுதான் பெயர். 'கோடையின் முடிவு' என்று இடைக்கால நூல்களில் பொருள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிரிப்பு சரிதானா என்று மொழியியலாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

பண்டிகையின் அடிப்படை பேயும் இல்லை, மாடு. மே முதல் தேதி, பெல்டினா பண்டிகையோடு, மாடுகளை மலைமேட்டுப் புல்வெளிக்கு ஓட்டிப்போவார்கள். கூடவே ஊர் இளசுகளும் போய்க் குடிசை போட்டுத் தங்கிப் பால் கறந்து வெண்ணெய் எடுப்பார்கள். சவினுக்குள் எல்லாரும் கீழே இறங்கியாக வேண்டும். குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாத மாடுகளை அப்போதுதான் அறுப்பார்கள். பிற்காலத்தில் நிலக் குத்தகை கட்டும் கெடுவும் மே, நவம்பர் என்றே விழுந்தது. அவர்களுக்கு நாள் என்பது சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. அதனால்தான் நவம்பர் 1 பண்டிகை, அக்டோபர் 31 ராத்திரியே ஆரம்பமாகிவிடுகிறது.

வருஷம் மாறும் அந்த ராத்திரியில் இந்த உலகத்துக்கும் மறு உலகத்துக்கும் நடுவில் உள்ள கதவு திறந்துகொள்ளும் என்பது நம்பிக்கை. ஒரு கதை மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. டாரா என்பது அயர்லாந்து அரசர்களின் குன்று. அங்கே சவின்தோறும் ஆலென் என்று ஒருவன் மறு உலகத்திலிருந்து வருவான். யாழ் வாசித்து எல்லோரையும் தூங்கவைத்துவிட்டு, வாயால் நெருப்பு ஊதி அரண்மனையைக் கொளுத்திவிட்டுப் போவான். ஃபின் என்ற பையன் தூங்காமலிருக்க ஈட்டி முனையைத் தன் நெற்றியில் அழுத்திக்கொண்டு காத்திருந்து அவனை முடிக்கிறான். (பரீட்சை நேரத்தில் இந்த டெக்னிக் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.)

இதையெல்லாம் எழுதிவைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். அதற்கு முந்தைய சவின் சடங்குகளைக் கண்ணால் பார்த்து எழுதிய அயர்லாந்துக்காரர் யாருமில்லை. ஆகவே 'இரண்டாயிரம் வருஷமாக மாறாமல் வரும் வழக்கம்' என்று யாராவது அடித்துவிட்டால் நம்பிவிடாதீர்கள்.

வீட்டு வழக்கங்கள் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. பார்ம்பிராக் என்று உலர்திராட்சை போட்ட ரொட்டி. உள்ளே மோதிரம் கிடைத்தால் கல்யாணம், காசு கிடைத்தால் பணம், கந்தல் துணி கிடைத்தால் வறுமை. மோதிரம் வைத்த ரொட்டியை அங்கே கடைகளில் இன்றும் விற்கிறார்கள். சவினுக்கு அப்புறம் காட்டு நாவற்பழம் போன்ற பிளாக்பெர்ரியைத் தொடக்கூடாது, பூக்கா என்ற குட்டிச்சாத்தான் அதில் எச்சில் துப்பியிருக்குமாம். குழந்தைகள் அழுகல் பழம் தின்னாமலிருக்க எந்தப் பாட்டி கண்டுபிடித்தாளோ.

விளக்குக்கு டர்னிப், நம் நூக்கலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே நெருப்பு வைப்பார்கள். மேயோ மாவட்டத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில், டானகால் பக்கத்து ஃபின்டவுன் ஊர் டர்னிப் ஒன்றின் அச்சு வார்ப்பு இருக்கிறது. படத்தைப் பார்த்த தங்கமணி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். காய்ந்த மண்டை மாதிரியே இருக்கும்.

1845-இல் உருளைக்கிழங்கு நோய் வந்தது. அடுத்த ஏழு வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். அமெரிக்காவில் பரங்கிக்காய் கொட்டிக்கிடந்தது. பெரியது, குடையவும் சுலபம். விளக்கு அதற்கு மாறிவிட்டது. நாம் பொங்கலைக் குக்கரில் வைப்பதில்லையா, அந்த மாதிரி. (பரங்கிக்காய் நமக்கும் அங்கிருந்து வந்ததுதான், பெயரே சொல்கிறதே.)

விளக்கு போய்ச் சேர்ந்தது, சவின் என்ற பெயர் ஒட்டவில்லை. ஹாலோவீன் ஆங்கிலச் சொல், 'எல்லாப் புனிதர்களின் முந்தின மாலை' என்பதன் சுருக்கம். பஞ்சம் அதிகம் அடித்தது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிகளை. அந்தக் காலத்தில் பிள்ளைகள் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிடுவார்கள். வீட்டில் ஐரிஷ் பேசினால் அதில் ஒரு வெட்டு. எத்தனை வெட்டு என்று எண்ணிப் பள்ளியில் அடி. வெட்டு போட்டதில் பெற்றோரும் உண்டு. கப்பலேறும் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் சோறு போடும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கிலீஷ் மீடியத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, ஹிந்தி, மராட்டி டியூஷனுக்கும் அனுப்புகிற அப்பன்தான் நானும்.

இன்று அமெரிக்காவிலிருந்து பரங்கிக்காய் விளக்கு அயர்லாந்துக்கே திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஐரிஷ் வழிப் பள்ளிகளில் அந்த இரவுக்கு 'ஈஹ ஹௌன', சவின் இரவு, என்றுதான் பெயர்.

மகள் அதை நாலே தடவையில் பிடித்துவிட்டாள். 'அயர்லாந்துப் பேரைச் சரியாச் சொல்ற, உன் பேரை?' என்றார் தங்கமணி. முறைத்தாள். ராத்திரி படுக்கப் போகும்முன் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி லைட்டை அணைக்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டைக்குப் போய் (புனேயில் மார்க்கெட்டுக்கு அதுதான் பெயர், என்ன செய்ய) டர்னிப் வாங்கிவர உத்தரவாகியிருக்கிறது. அதைக் குடைய ஸ்பூன் போதுமா, கத்தியே வேண்டுமா? அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள். அப்படியே, உங்கள் வீட்டு 'ழ'க்கள் எல்லாம் எப்படி இருக்கிறார்கள்?