எதைத் துடைக்கலாம், எதைத் தொடக்கூடாது

ரிப்போர்ட்டில் ஒரே வாடிக்கையாளர் இரண்டு வரிகளில் வந்து நிற்பதும், கண்ணெதிரே இருக்கும் பெயரை வீலுக்அப் காணோம் என்று கைவிரிப்பதும் தரவு வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிய தொல்லைகள். உடனே டிரிம், அப்பர், ப்ராப்பர் என்று கை போய்விடும். ஆனால் இந்த ஃபார்முலாக்கள் எல்லாம் ஓரினமல்ல. யாரும் எழுத நினைக்காமல் உள்ளே வந்துவிட்ட குப்பையை அகற்றுவது ஒரு வேலை. ஒருவர் எழுதியதையே மாற்றுவது வேறு வேலை. முதலாவதை ஃபார்முலாவிடம் விடலாம், இரண்டாவதை விடக்கூடாது என்பது என் கட்சி.

முதல் வேலையும் லேசானதல்ல. எக்செல்லின் டிரிம் 32ஆம் எண் இடைவெளியை மட்டுமே அறியும். இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது கூடவே வரும் 160ஆம் எண் இடைவெளி பார்வைக்கு அதேபோல இருக்கும். டிரிம் அதைத் தொடாது. கிளீன் நீக்குவது 0 முதல் 31 வரையுள்ள குறிகளைத்தான். அதிலும் ஒரு வில்லங்கம்: முகவரிக்குள் வரி உடைக்கும் 10ஆம் எண் குறியையும் அது விழுங்கிவிடுவதால், தெருவும் ஊரும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் சப்ஸ்டிடியூட்டால் 160ஐயும் 10ஐயும் சாதாரண இடைவெளியாக்க வேண்டும். பிறகு கிளீன், கடைசியில் டிரிம். பவர் குவெரியின் டிரிமோ இரண்டு ஓரங்களை மட்டும் செதுக்கும்; நடுவில் உள்ள இரட்டை இடைவெளியை எக்செல்லைப் போல ஒன்றாக்காது. தமிழ்ப் பெயரானால் இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். குறிக்குக் குறி ஒப்பிடும் கருவிக்கு இவை வெவ்வேறு சொற்கள்.

இவ்வளவும் எழுதியவர் அறியாத அழுக்கு. ப்ராப்பர் அப்படியல்ல. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கும் 'எம்ஜிஆர் நகர்' அதன் கையில் சிக்கினால், எம் மட்டும் பெரிதாக நிற்க, ஜியும் ஆரும் சிறுத்துவிடும். 'ஆர். குமார்', 'குமார் ஆர்' இருவரா ஒருவரா என்பது எந்த ஃபார்முலாவுக்கும் தெரியாது. மென்பொருளின் ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சாட்சி. எக்செல் தேதியாக மாற்றிவந்த 'செப்ட்1' போன்ற குறியீடுகளை 'செப்டின்1' என்று விஞ்ஞானிகளே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூலத்திலேயே திருத்தலாமே என்பார்கள். நியாயம்தான், ஆனால் ரிப்போர்ட் எழுதுபவருக்கு மூலத் தரவுத்தளத்தில் பெரும்பாலும் படிக்கும் உரிமை மட்டுமே. பெயர் இரண்டாகவே இருந்தால் கூட்டுத்தொகை தப்பாகாதா என்றும் கேட்கலாம். தப்பாகும். அதற்குத் தனி அட்டவணை வேண்டும்: வந்த வடிவம் ஒரு நெடுவரிசை, ஏற்ற வடிவம் மற்றொன்று. எது யார் என்பதை அந்த வாடிக்கையாளரை அறிந்த பிரிவு முடிவு செய்யட்டும். ஏழடுக்கு சப்ஸ்டிடியூட்டை அடுத்த ஆளால் படிக்க முடியாது. அட்டவணையைக் கணக்காளரும் படிப்பார். எந்த வழியானாலும் மூல நெடுவரிசையை அழிக்காமல் பக்கத்தில், மறைத்தாவது, வைத்திருக்க வேண்டும். 'என் பெயர் இதுவல்ல' என்று ஒருவர் வந்து நின்றால், தப்பு படிவத்திலா ஃபார்முலாவிலா என்று பார்க்க வேறு ஆதாரம் இருக்காது.