பம்பர் உடைந்தால் இரும்பா, பிளாஸ்டிக்கா?

பம்பர் என்றதும் லாட்டரிச் சீட்டு ஞாபகத்துக்கு வந்தால் அவர் ஒன்று கொஞ்சம் வயதானவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கேரள எல்லைப் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும். (தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-லேயே தடை செய்துவிட்டார்கள்.) இங்கே சொல்லப்போவது வண்டிக்குப் பின்னால் இருக்கும் பம்பர். அதிலும் பரிசு உண்டா என்று கேட்காதீர்கள், செலவு நிச்சயம் உண்டு!

கோவைக்காரர் ஒருவர் 2021-இல் மகிந்திரா தார் வாங்கினார். டீசல் வண்டி. வார நாட்களில் ஆபீஸ், மாதம் ஒரு ஞாயிறு நண்பர்களோடு மலை. வாகமண் பக்கம் ஒரு ஓடையில் இறங்கும்போதுதான் விஷயம் நடந்தது. முன்சக்கரம் நன்றாக இறங்கியது, பின்சக்கரமும் இறங்கியது. வண்டியின் வால் மட்டும் கரையில் இருந்த பாறையில் உட்கார்ந்தது. 'சடக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் பம்பரின் இடது மூலை பிளந்து, ஒரு கிளிப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் தார் இதற்காகவே செய்த வண்டி. பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து வண்டியின் வால் அடிப்பகுதிக்கு ஒரு கோடு இழுத்தால் தரையோடு அது 36.8 டிகிரி கோணம் காட்டும் என்கிறது கம்பெனி. அந்தக் கோணத்துக்குள் வரும் சரிவு வாலைத் தொடாது. ஆனால் சரிவின் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் பாறைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதே.

திரும்பி வந்ததும் முதலில் இன்சூரன்ஸ் கணக்கைப் பார்த்தார். காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் உதிரிபாகங்களுக்கு முதல் நாளிலிருந்தே 50 சதவீதம் தேய்மானம். உலோக பாகத்துக்கு அப்படியில்லை. முதல் ஆறு மாதம் தேய்மானமே கிடையாது, இரண்டு முதல் மூன்று வருட வண்டி என்றால் 15 சதவீதம்தான். ஆக, பம்பர் விலை ஒரு பேச்சுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கம்பெனி ஒப்புக்கொள்வது 5,000. அதிலும் 1500 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்பதால் 2,000 ரூபாய் கட்டாயமாகக் கைக்காசு. மிச்சம் 3,000. இந்த மூவாயிரத்துக்காக கிளெய்ம் போட்டால் அதுவரை சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் மொத்தமும் போய்விடும்! இதுக்குப் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். (ஜீரோ டெப் எடுத்திருந்தால் பாதி விலை பிரச்சினை இருக்காது. அவர் எடுக்கவில்லை.)

இந்த எரிச்சலோடுதான் இரும்பு பம்பர் செய்து தரும் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூணு எம்.எம். தகடுங்கண்ணா. சேஸிஸோட போல்ட் போட்டுக் குடுத்துடறேன். பின்னால லாரி வந்து இடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க."

கேட்கவே சுகமாக இருக்கிறது இல்லையா? இரும்பு பம்பரில் நல்ல விஷயங்கள் இல்லாமலும் இல்லை. பாறையில் உட்கார்ந்தால் கீறல் விழும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் பம்பருக்கு அடியில் ஜாக்கி வைக்க முடியாது, இரும்பில் அதற்கென்றே இடம் விட்டுச் செய்வார்கள். சேற்றில் மாட்டினால் இழுக்கக் கொக்கி இருக்கும். மூலைகளை மேலே தூக்கி வெட்டினால் அந்த 36.8 டிகிரிகூடக் கொஞ்சம் ஏறும். மலையில் மட்டுமே ஓடும் வண்டி என்றால் வேறு பேச்சே வேண்டாம்.

ஆனால் அவர் வண்டி மாதத்தில் 29 நாள் அவிநாசி ரோட்டில் அல்லவா ஓடுகிறது? அங்கே பின்னால் பாறை வராது, பைக் வரும்.

உடைவதும் பம்பருடைய வேலைகளில் ஒன்று என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. பிளாஸ்டிக் வளைந்து, நசுங்கி, பிளந்து மோதலின் வேகத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. அம்பாசடர் காலத்து இரும்பு பம்பர் கம்பீரமாக இருந்தது உண்மைதான். ஆனால் வளையாத இரும்பு வாங்கிய அடியை அப்படியே வேறு எங்காவது கொடுத்தாக வேண்டும். உள்பக்கம் கொடுத்தால் சேஸிஸுக்கு. பத்தாயிரத்தோடு போயிருக்க வேண்டியது, சேஸிஸ் நிமிர்த்தும் செலவாக வந்து நிற்கும். வெளிப்பக்கம் கொடுத்தால், பிரேக் பிடிக்காமல் வந்து மோதிய பைக்காரரின் முட்டிக்கு.

அவர் பட்டறைக்காரரிடம் கேட்டது இதைத்தான்.

"லாரி இடிச்சா ஒண்ணும் ஆகாது, சரிங்க. பைக்ல வர்ற பையன் இடிச்சா?"

"அது... அவன் பாத்து வரணுங்கண்ணா."

நேர்மையான பதில்தான், குறை சொல்ல முடியாது.

எடை இன்னொரு விஷயம். மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 23.5 கிலோ. அதோடு குழாய், கொக்கி, பிராக்கெட் எல்லாம் சேர வேண்டும். தாரில் ஸ்டெப்னியும் பின்கதவில்தான் தொங்குகிறது. பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் சீசா மாதிரி முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கும். செங்குத்தான ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகிப் போனால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அப்புறம் ரிவர்ஸ் சென்சார். 2019 ஜூலை 1 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயம், அது உட்கார்ந்திருப்பது பம்பரில். புது பம்பரில் சரியான இடத்தில், சரியான கோணத்தில் ஓட்டை போடாவிட்டால் ஒன்று கத்திக்கொண்டே இருக்கும், இல்லை கத்தவே கத்தாது.

சட்டமும் இரும்புக்கு ஆதரவாக இல்லை. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று. அந்தக் கடிதத்தின் கவலை பெரும்பாலும் முன்பக்கம்தான். ஆனால் தயாரித்தவர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றாதே என்ற பிரிவு முன், பின் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதே கருத்தைச் சொன்னது. அதே வருடத் திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரோட்டில் போலீஸ் பிடிக்கிறார்களா இல்லையா என்பது வேறு கதை. விபத்து நடந்து, பைக்காரரின் வக்கீல் பம்பரைப் போட்டோ எடுக்கும் நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியும் அந்தப் போட்டோவைப் பார்க்கும். பாலிசியில் அறிவிக்காத இரும்புக்கு அவர்கள் பணம் தரப்போவதில்லை என்பது கிடக்கட்டும், மற்றதற்கும் கேள்வி கேட்கக் காரணம் கிடைத்துவிடும்.

கடைசியில் அவர் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். பிளாஸ்டிக் வெல்டிங் செய்யும் ஒரு சின்னக் கடையில் பம்பரைக் கழற்றிக் கொடுத்தார். சூடான கம்பியை உள்பக்கம் பதித்து, பிளந்த இடத்தைத் தைத்த மாதிரி ஒட்டிக் கொடுத்தார்கள். கிளிப் மட்டும் புதுசு. மிச்சக் காசில் நல்ல இழுவைப் பட்டை ஒன்றும் ஷேக்கிள் இரண்டும் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டார்.

தையல் தெரியத்தான் செய்கிறது, கறுப்பு பம்பர் என்பதால் கிட்டப் போய்ப் பார்த்தால்தான். அடுத்த மாதம் அதே ஓடைக்குப் போனார்கள். இந்த முறை ஒருவர் முன்னாலேயே நடந்து இறங்கி, பாறைக்குப் பக்கத்தில் நின்று கைகாட்டினார். வண்டி பத்தடி தள்ளி இறங்கியது.