22 விநாடி

இரவு பன்னிரண்டு அடித்ததும் பெற்றோல் நிலையத்தின் கதவைப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் வெளியே நின்று, கண்ணாடியில் இருக்கும் துளைகளுக்கு நேரே வாயை வைத்துப் பேசுவார்கள். நான் உள்ளே இருந்தபடி சிகரெட்டையும் மிச்சக் காசையும் தகரத் தட்டில் போட்டுத் தள்ளிவிடுவேன். தொண்ணூறுகளின் நடுவில், தென்கிழக்கு லண்டனில், வெள்ளி சனி இரவுகளில் எனக்கு வாய்த்த உத்தியோகம் அது. ஊரைவிட்டு வந்த எங்கள் ஆட்களில் பலர் ஏதோ ஒரு காலத்தில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எழும்பியவர்கள்தான்.

அதிகாலை நாலு, நாலரைக்கு ரேவ் என்ற இராத்திரி நடனக் கூட்டம் முடிந்து கார்கள் வரும். பாட்டு காதுக்கு எட்டும் முன்பே தட்டில் கிடக்கும் சில்லறை அதிரத் தொடங்கும். ஒரு பத்துப் பென்ஸ் நாணயம் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து நிற்கும். பிறகுதான் கார் உள்ளே திரும்பும். இறங்குகிறவர்களின் சட்டை மார்கழிக் குளிரிலும் தொப்பலாக நனைந்திருக்கும். தண்ணீர்ப் போத்தல், சுயிங்கம், சிகரெட் தாள். பெற்றோல் ஐந்து பவுணுக்கு மேல் அடித்தவனை நான் கண்டதில்லை.

அப்படி வந்த ஒரு பெடியனுக்கு ஒரு நாள் எண்பது பென்ஸ் குறைந்தது. காருக்குள் போய்த் துழாவிப் பார்த்துவிட்டு, ஒரு கசெட்டைக் கொண்டுவந்து தட்டில் வைத்தான். அடுத்த கிழமை காசைத் தந்துவிட்டு எடுத்துக்கொள்வானாம். காப்பும் சங்கிலியும் அடைவு வைக்கிற ஊரிலிருந்து வந்தவன் நான். கசெட்டை அடைவு பிடித்தது அதுதான் முதல் தடவை. எண்பது பென்ஸை என் பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டேன். அவன் மீட்க வரவே இல்லை.

அந்த நாட்களில் பெரிய ரேவ்களை மேடையிலிருந்தே பதிவுசெய்து, ஆறு, எட்டுக் கசெட்டுகளாகப் பெட்டியில் அடுக்கி விற்பார்கள். டேப் பாக் என்று பெயர். ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் பிரதி எடுப்பார்கள். என்னிடம் வந்தது அப்படி ஒரு பிரதி. பெயர் கிடையாது, மேலே பேனாவால் எழுதிய 3 மட்டும். சிறிய ரேடியோவில் போட்டுக் கேட்டேன். அதிகாலை ஆறு மணிக்கு வேலை மாற வந்த மனேஜர் அண்ணை கதவடியிலேயே நின்றுவிட்டார்.

“என்ன தம்பி இது, மலையிலிருந்து தகரப் பீப்பாய் உருட்டிவிட்ட மாதிரி? இடையில ஒருத்தன் ஆரோட சண்டை பிடிக்கிறான்?”

அண்ணை கேட்டது நியாயமான கேள்விதான். அந்தத் தகரப் பீப்பாய்தான் ட்ரம் அண்ட் பேஸ் என்ற இசை. அந்த ஒருத்தன்தான் அதன்மேல் மைக்கில் பேசும் எம்.சி. ஜமேக்காவின் சவுண்ட் சிஸ்டம்களில் இசைத்தட்டு ஓட ஓட அதன்மேல் பேசிக்கொண்டிருந்தவர்களின் பரம்பரை. அமெரிக்க ராப்பும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஹிப் ஹாப்பைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான கூல் ஹெர்க் கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க் போனவர். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடைமுறை வேறு. ஹிப் ஹாப்பில் தாளம் பேச்சுக்குப் பாய் விரித்துக் கொடுக்கும். ட்ரம் அண்ட் பேஸில் பேச்சு தாளத்துக்குத் தீவட்டி பிடித்துக்கொண்டு முன்னால் போகும். சுவாமி வருகிறார், விலகுங்கள், இதோ வந்துவிட்டார். சுவாமி வந்ததும் தீவட்டிக்காரனை யார் பார்க்கிறார்கள்?

அப்படி ஒரு தீவட்டிக்காரன்மேல் என் கவனம் திரும்பியது 1997-இல். ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவும் அந்த வருடம் ‘நியூ ஃபார்ம்ஸ்’ என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டார்கள். மேற்கே பிரிஸ்டல் நகரத்து ஆட்கள். மெர்க்குரி இசைப் பரிசு அவர்களுக்குப் போனது. ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ போட்டியில் இருந்த வருடம் அது. அதற்கே கிடைக்கும் என்றிருந்த பத்திரிகைக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. ரோனி சைஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். இசைச் சாமான்களில் கைவைத்துப் பழகியது ஓர் இளைஞர் மன்றத்தில். பரிசுப் பணத்தை அந்த மன்றத்துக்கே கொடுத்தார்.

ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ரெய்லிங்’. அதில் கேட்கிற குரல் டைனமைட் எம்.சி.யுடையது. இயற்பெயர் டொமினிக் ஸ்மித், பிரிஸ்டலுக்கு வடக்கே இருக்கும் குளொஸ்டர் ஊர்க்காரர். அடைவுக் கசெட்டில் இருந்தவன் தொண்டை கிழியக் கத்தினான். இவரோ பக்கத்து ஆசனத்தில் இருந்து கதைப்பதுபோலக் கதைத்தார். பின்னால் முரசு தலைதெறிக்க ஓடுகிறது, இவர் வேர்க்காமல் நடந்து வருகிறார். எப்படி இது முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு பின்னிரவில், யாரும் வராத நேரத்தில், சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி விரலால் மேசையில் தட்டி எண்ணத் தொடங்கினேன். சங்கீதம் படித்தவனில்லை. கோயில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று தொடையில் தட்டிய பழக்கம் மட்டும் உண்டு. ட்ரம் அண்ட் பேஸ் நிமிடத்துக்கு 174 அடி அளவில் ஓடும். ஹிப் ஹாப் சாதாரணமாக 90-ஐ ஒட்டி நடக்கும். 174-இல் பாதி 87. அதாவது இரண்டாம் காலத்தில் பறந்துகொண்டிருக்கும் முரசுக்குள்ளேயே முதல் காலத்து ஹிப் ஹாப் குந்தியிருக்கிறது. முரசு இரண்டு அடி வைக்கும்போது டைனமைட் ஓர் அடி வைக்கிறார். அதுதான் அவர் வேர்க்காத இரகசியம். அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பஹமாடியா என்ற ராப் பாடகி வருகிறார். அவரும் தன் ஊர் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. முரசுதான் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

இது தற்செயலும் இல்லை. இரண்டு இசைக்கும் கரு ஒன்று. 1969-இல் வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு ‘ஆமென், பிரதர்’ என்று ஒரு பாட்டை இசைத்தட்டின் பின்பக்கத்தை நிரப்பப் போட்டது. நடுவில் மற்ற வாத்தியமெல்லாம் ஓய, கிரகரி கோல்மன் தனியாக நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, முரசு அடிக்கிறார். ஏறத்தாழ 7 விநாடி. அந்தத் துண்டை வெட்டி, வேகத்தைக் குறைத்து, 1988-இல் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவினர் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ பாட்டைச் செய்தார்கள். அதே துண்டை வேகம் கூட்டி, இறைச்சி நறுக்குவதுபோல நறுக்கி, இடம் மாற்றி ஒட்டியதில் ஜங்கிள் என்ற இசை பிறந்தது. ஜங்கிள் வளர்ந்து ட்ரம் அண்ட் பேஸ் ஆனது. கோல்மனுக்கு இதில் ஒரு சதமும் வரவில்லை. 2006-இல் வறுமையில் இறந்துபோனார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல் இரசிகர்கள் தண்டல் செய்து 24,000 பவுண் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகள் பிழைத்த 7 விநாடிக்கு அதுதான் கூலி.

லண்டன் ஹாக்னி பகுதியில் ஷட் அப் அண்ட் டான்ஸ் என்று ஒரு குழு இருந்தது. நாங்கள் செய்வது வேகமான ஹிப் ஹாப் என்றே அவர்கள் கடைசிவரை சாதித்தார்கள். ரேவ்காரர்கள் கேட்டால்தானே, தங்கள் இசை என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிரிஸ்டலிலும் இதே கதைதான். ரெப்ரசென்டில் இருந்த கிரஸ்ட்டும் சவ்வும் அதற்கு முன் ஃபிரெஷ் ஃபோர் என்ற ஹிப் ஹாப் குழுவில் இருந்தவர்கள். 1989-இல் அவர்களுடைய ஒரு பாட்டு பிரித்தானியப் பாட்டு வரிசையில் முதல் பத்துக்குள் ஏறியது. ஆகவே ட்ரம் அண்ட் பேஸ் ஆள் ஹிப் ஹாப்புக்குப் ‘போனார்’ என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரே வீட்டில் திண்ணையிலிருந்து எழும்பி அறைக்குள் போவதற்குப் பெயர் பயணமா?

அப்படிச் சொல்லிவிட்டாலும், திண்ணைக்கும் அறைக்கும் நடுவே ஒரு படி இருக்கத்தான் செய்கிறது. அதில் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு.

ரேவ் ஒன்றுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். கூட வேலை செய்த கானா நாட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போனார். இருட்டு, புகை, நெஞ்சுக் கூட்டுக்குள் கை விட்டுக் குலுக்குவதுபோலப் பேஸ். நான் எம்.சி.யை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எங்களுக்கு முக்கால் முதுகைக் காட்டியபடி டி.ஜே.யின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரல் மிக்சரில் ஒரு குமிழைத் தொட்டதுமே பாதி வரியில் வாயை மூடினார். அடுத்த கணம் பேஸ் இறங்கியது. கூட்டம் பிய்த்துக்கொண்டு கத்த, டி.ஜே. இசைத்தட்டைக் கையால் பிடித்துப் பின்னோக்கி இழுத்தார். ரீவைண்ட். கிழிகிற சத்தம் ஒன்று, பிறகு வெறும் காற்று. அந்த மூன்று நாலு விநாடி மட்டும் மேடை எம்.சி.க்குச் சொந்தம். அதற்குள் அவர் ஒரு மூச்சுத் தண்ணீர் குடித்து, டி.ஜே.யின் பெயரைச் சொல்லி, மறுபடியும் ஓரத்துக்குப் போய்விட்டார். தன் பெயரைச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ராப்பில் ஒரு சரணம் என்றால் 16 பார் என்பது கணக்கு. ட்ரம் அண்ட் பேஸ் வேகத்தில் 16 பார் முடிய 22 விநாடி. பாதி வேகத்தில் அதே 16 பாருக்கு 44 விநாடி. 22 விநாடியை நாக்குச் சுழற்றலாலும் எதுகையாலும் ஒப்பேற்றிவிடலாம். கேட்கிறவனும் ஆடிக்கொண்டிருப்பதால் அர்த்தம் கேட்டு வழக்குக்கு வரமாட்டான். 44 விநாடி பொல்லாதது. நின்று கேட்பான். நீ யார், எந்த ஊர், என்ன சொல்ல வந்தாய் என்று கேட்பான். ஹிப் ஹாப்புக்கு வரும் ரேவ் எம்.சி.க்கு அந்த இடத்தில்தான் நாக்கு உலரும்.

பேச்சு வழக்கில் ஒரு பழைய சிக்கலும் இருந்தது. எண்பதுகளில் பிரித்தானிய ராப்காரர்கள் பலர் நியூயார்க் உச்சரிப்பை இரவல் வாங்கித்தான் பாடினார்கள். லண்டன் போஸி என்ற குழுவின் ரோட்னி பி போன்றவர்கள் தங்கள் தெருப் பேச்சிலேயே பாடிக் காட்டிய பிறகுதான் வெட்கம் விட்டது. (நானும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் “பம்ப் நம்பர் ஃபோர், மேட்?” என்று லண்டன்காரனாகிப் பார்த்தவன்தான். துளை வழியாகத் திரும்பி வந்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.) ரேவ் எம்.சி.க்களுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. அவர்கள் பார்த்துப் படித்தது ஜமேக்கச் சவுண்ட் சிஸ்டத்தை; வீட்டிலும் தெருவிலும் பேசிய வாயோடு மைக்கைப் பிடித்தார்கள். அந்த வாயைத்தான் டைனமைட் ஹிப் ஹாப்புக்குக் கொண்டுபோனார்.

ரெப்ரசென்டின் அடுத்த ஆல்பம் 2000-இல் வந்தது. அதில் வு-டாங் கிளானின் மெத்தட் மேன் ஒரு பாட்டில் வந்தார். அமெரிக்கப் பெரிய ஆட்கள் விருந்துக்கு வந்த வீட்டில் டைனமைட் வீட்டுக்காரனாக நின்றார். 2004-இல் தனியாக ‘வேர்ல்ட் ஆஃப் டைனமைட்’ வெளியிட்டார், ஹிப் ஹாப் ஆல்பம். இப்போது மேடை அவருடையது, பெயரும் அவருடையது. ஆனால் கேட்கிற சனம் இரண்டு பட்டது. ஹிப் ஹாப்காரனுக்கு அவர் ரேவில் கத்துகிற ஆள். ரேவ்காரனுக்கு, வேகம் குறைந்தால் கால் நின்றுவிடும். முந்தின வருடம் மெர்க்குரி வென்ற டிஸி ராஸ்கல்கூட சிறு வயதில் ட்ரம் அண்ட் பேஸ் தட்டு ஓட்டியவர்தான். அவர் வளர்த்த கிரைம் (grime) என்ற இசை இரண்டுக்கும் நடுவே புது வீடே கட்டிக்கொண்டது, நிமிடத்துக்கு 140 அடியில். புது வீட்டுக்குப் போகிறவனை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. இரண்டு பழைய வீட்டிலும் காலை வைத்திருப்பவனைத்தான் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்.

டைனமைட்டின் ஆல்பத்தை வாங்கினேன், மரியாதையோடு கேட்டேன். மனம் திறந்து சொல்வதென்றால், அதைவிட ‘ரெய்லிங்’ஐத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஒரிஜின் அன்நோன் என்ற ட்ரம் அண்ட் பேஸ் குழுவோடு சேர்ந்து அவர் செய்த ‘ஹாட்னெஸ்’ஐயும். விலகி நடக்க ஒரு வேகமான முரசு எதிரில் இருந்தால்தான் டைனமைட்டின் நிதானம் நிதானமாகத் தெரிகிறது. எல்லாமே மெதுவாக நடக்கும் தெருவில் அவரும் நடந்து போகிறார், அவ்வளவுதான். இது என் காதின் குறையாகவும் இருக்கலாம். அவரோ இரண்டையும் விடவில்லை. சனிக்கிழமை இரவு மேடை ஓரத்தில் நின்றார், மற்ற நாட்களில் தன் பாட்டை எழுதினார்.

எதிர்த் திசையில் வந்தவர்களும் உண்டு. நாஸ்டி குரூ என்ற கிரைம் குழுவிலிருந்து வந்த ஸ்டோர்மின், ட்ரம் அண்ட் பேஸ் மேடைகளில் பெரிய பெயர் எடுத்து, 2018-இல் இறந்தார். 174 அடிக்கு மேலும் இரட்டிப்பு வேகத்தில் சொற்களைப் பொழிந்த ஸ்கிபாடி என்ற எம்.சி.யும் 2022-இல் போனார். அவர் போன கிழமை பழைய கசெட் பதிவுகள் எல்லாம் மறுபடி வெளியே வந்தன. நானும் என் அடைவுக் கசெட்டைத் தேடி எடுத்தேன். குரல் அவருடையதாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை. இல்லை, வேறு யாரோ.

இந்தக் காலத்து வீட்டில் கசெட் போட ஒன்றும் இல்லை. பரணில் கிடந்த ரேடியோ இன்னும் உயிரோடு இருந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் அந்த ஆள், வழக்கத்துக்கு மாறாக, கத்துவதை நிறுத்திவிட்டுப் பாதி வேகத்துக்கு இறங்குகிறான். ஏதோ ஒரு கதை தொடங்குகிறது. தெரு, மழை, பேருந்து நிறுத்தம் என்று சொற்கள் பிடிபடுகின்றன. முதல் தடவையாக அவன் எனக்குச் சொல்கிறான் போல இருந்தது. விரலால் பரண் ஏணியில் தட்டி எண்ணினேன். ஒன்பதாவது பாரில் நாடா முடிந்து, பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது.