படத்தில் ஒன்றுமில்லை

நோயாளிகளிலும் பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற வித்தியாசம் உண்டு. கால் முறிந்து மாவுக்கட்டுடன் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் பெரிய மனிதர். தெருவில் போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள். ஆரஞ்சுப் பழம் வரும். அவர் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டால் வீடே எழுந்து ஓடும். காய்ச்சல்காரருக்குத் தெர்மாமீட்டர் சாட்சி. சர்க்கரை வியாதிக்காரருக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டு சாட்சி. சாட்சியே இல்லாத நோயாளி ஒருவர் இருக்கிறார். கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை, சீட்டிலும் ஒன்றும் இல்லை. நோய் மட்டும் இருக்கிறது. அவருக்கு ஆரஞ்சுப் பழம் வருவதில்லை. புத்திமதிதான் வருகிறது.

போன பங்குனியில் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து தச்சநல்லூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மதுரை ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் மாட்டைக் காப்பாற்றினார். என் தலை பக்கத்துக் கம்பியில் மோதியது. ரத்தம் இல்லை, மயக்கம் இல்லை. பாக்களவுக்கு ஒரு வீக்கம். இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்ச் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளிச்சம் கண்ணில் படவில்லை, மண்டைக்குள் குத்தியது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். "படத்தில் ஒன்றுமில்லை" என்றார்கள். குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டிய செய்திதான் அது. உடைத்தோம். தேங்காய் உடைந்த சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி வர்ணிப்பது? பெயரிலேயே தச்சரை வைத்துக்கொண்டிருக்கிற ஊர் எங்களுடையது. தெருக்கோடியில் மரம் இழைக்கிற சத்தம் எனக்குப் பல வருஷங்களாகத் தாலாட்டு மாதிரி. அது இப்போது பல்லைக் கூச வைத்தது. தலையைச் சட்டென்று திருப்பினால் சுவர் ஒரு கணம் தாமதித்துத் திரும்பியது. அச்செழுத்து வரியை விட்டு இறங்கி அடுத்த வரியோடு கலந்தது. இரவில் தூக்கம் இல்லை; பகலில் விழிப்பு இல்லை. குழந்தைகள் சிரித்தால்கூடக் கோபம் வந்தது. அப்போது ஒரு நாவல் பாதியில் நின்றது. கதாநாயகியின் தம்பிக்கு நான் வைத்த பெயர் எனக்கே மறந்துவிட்டது. பழைய அத்தியாயத்தைப் புரட்டிப் பார்க்கலாமென்றால், புரட்டினால் தலை சுற்றியது. எழுத்தைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. தலைதான் என் பட்டறை, என் உளி, என் மரம் எல்லாம்.

விசாரிக்க வந்தவர்கள் நல்லவர்கள்தாம். "படத்துல ஒண்ணுமில்லன்னுட்டாங்களாமே அண்ணாச்சி, பொறவு என்ன?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர். "எழுதுதவுகளுக்கு இதெல்லாம் மனசுதான்" என்றார் ஓர் உறவினர். ஒரு மாதம் இப்படிக் கேட்டால் நோயாளிக்கே சந்தேகம் வந்துவிடும். இரவில் விழித்துக்கொண்டு, உண்மையிலேயே வலிக்கிறதா, அல்லது வலிப்பதாக நினைக்கிறேனா என்று என்னையே குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். என் மனைவி ஒருத்திதான் விசாரணை எதுவும் நடத்தவில்லை. குக்கரைத் தூக்கிப் பரணில் வைத்தாள். சோற்றைப் பானையில் வடித்தாள்.

பிறகு பாளையங்கோட்டையில் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு ஒன்றுமில்லை என்று இது சொல்லவில்லை சார். இந்தப் படத்துக்குத் தெரிகிற மாதிரி ஒன்றுமில்லை என்று சொல்கிறது." அந்த ஒரு வாக்கியத்துக்கே நான் அவருக்கு இரண்டு மடங்கு ஃபீஸ் கொடுத்திருப்பேன்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். நுங்குச் சுளையைப் போல மெத்தென்று இருக்கிற பொருள் மூளை; எடை ஏறக்குறைய 1,400 கிராம். மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிறது. தலை வேகமாக ஆட்டப்பட்டால் அதுவும் உள்ளே குலுங்குகிறது; நரம்பிழைகள் இழுபடுகின்றன. நரம்பணுக்களின் உள்ளே இருக்கவேண்டிய உப்புக்கள் வெளியே போகின்றன, வெளியே இருக்கவேண்டியவை உள்ளே வருகின்றன. அவற்றைப் பழைய இடத்தில் வைக்க மூளை ஏராளமான சக்தியைச் செலவிடுகிறது. அந்த நேரம் பார்த்துச் சக்தியின் வரத்தும் குறைகிறது. இதைத்தான் கன்கஷன் என்கிறார்கள். மூளைக் குலுக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். நினைவு தப்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. படம் ஒரு மகத்தான சாதனம். அதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும் அது காட்டும். வீட்டின் சுவர்களைக் காட்டும். வீட்டுக்குள் நடக்கிற சண்டையை அதனால் காட்ட முடியாது.

சாட்சி இல்லாத நோயாளியைச் சந்தேகிப்பது நம் தெருவோடு நின்ற வழக்கமல்ல. இங்கிலாந்தில் ரயில் ஓடத் தொடங்கிய பின் விபத்துக்களும் வந்தன. வெளிக்காயம் இல்லாமல் தப்பியவர்கள் பலர் மாதக்கணக்கில் தலைவலி, மறதி, தூக்கமின்மை என்று அவதிப்பட்டார்கள். கம்பெனிகளிடம் நஷ்டஈடும் கேட்டார்கள். குலுக்கலால் நரம்பு மண்டலம் உள்ளே பாதிக்கப்படுகிறது என்று 1866-ல் எழுதினார் எரிக்ஸன் என்ற சர்ஜன். அவையெல்லாம் பெரும்பாலும் பயத்தால் வருகிறவை என்று 1883-ல் மறுத்து எழுதினார் ஹெர்பர்ட் பேஜ். அவர் ஒரு ரயில் கம்பெனியின் சர்ஜன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூன் 9-ல் ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் அகப்பட்டுக்கொண்டவர். காயமின்றித் தப்பினார், அடிபட்டவர்களுக்கு உதவினார், தொங்கிக்கொண்டிருந்த பெட்டிக்குள் மறுபடி ஏறி நாவலின் கையெழுத்துப் பிரதியையும் எடுத்து வந்தார். ஆனால் அதற்குப் பின் ரயில் பிரயாணம் அவரை நடுங்க வைத்தது. அவருக்குத் தலையில் அடிபடவில்லை. என் நோய் வேறு, அவர் நோய் வேறு. ஆயினும் 'நன்றாகத்தானே இருக்கிறீர்கள்' என்ற வார்த்தை இரண்டு பேருக்கும் பொது.

இந்த விஷயத்தில் உலகம் மனம் மாறிய கதையைக் கிரிக்கெட்டில் பார்க்கலாம். 1962 மார்ச்சில் பார்படோஸில் கிரிஃபித் வீசிய பந்து இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டை உடைத்தது. வெஸ்ட் இண்டீஸ் தலைவர் ஃபிராங்க் வொரெல் அவருக்கு ரத்தம் கொடுத்தார். அதன் நினைவாக வங்காளக் கிரிக்கெட் சங்கம் பிப்ரவரி 3-ல் ரத்ததான முகாம் நடத்துகிறது. உடைந்த மண்டைக்கு எதிராளியும் ரத்தம் கொடுப்பான். உடையாத மண்டைக்கு ஒரு விதி பிறக்க 2019 ஆகஸ்டு வரை ஆயிற்று. அந்த மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்குக் கழுத்தில் பந்து பட்டது. அன்று திரும்பி வந்து ஆடினார். மறுநாள்தான் அறிகுறிகள் தெரிந்தன. அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். 2020 டிசம்பர் 4-ல் கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டபோது சஹல் பதிலாக வந்து மூன்று விக்கெட் எடுத்தார். நம் சின்னப்பம்பட்டி நடராஜனின் முதல் இருபது ஓவர் சர்வதேசப் பந்தயமும் அதுதான். மைதானத்து ஓரத்தில் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் நடுவரிடம் வாதாடியதை எல்லோரும் பார்த்தோம். அத்தனை காமிராக்கள் பார்க்க அடிபட்டவருக்கே அந்த நிலை என்றால், தச்சநல்லூர் பஸ்ஸில் அடிபட்டவனைப் பற்றிக் கேட்கவேண்டுமா?

வைத்தியத்திலும் மாறுதல் வந்திருக்கிறது. இருட்டறையில் அசையாமல் படுத்திருக்கச் சொல்வது முந்திய வழக்கம். சிறுவர்களையும் இளைஞர்களையும் வைத்து நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2015-ல் வெளியாயிற்று: ஐந்து நாள் முழு ஓய்வில் வைக்கப்பட்டவர்கள், ஓரிரு நாள் ஓய்வெடுத்துப் படிப்படியாக எழுந்து நடமாடியவர்களைவிட அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களும் இதே வழியைத்தான் சொன்னார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு, செல்போன் திரைக்கு விடுமுறை; பிறகு மெல்ல நடை; தொந்தரவு சற்று ஏறினால் பரவாயில்லை, அதிகம் ஏறினால் ஒரு படி இறங்கிக்கொள்வது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது. ஆனால் அடிபட்டபின் தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அது வேறு கணக்கு.

டாக்டர் சொன்ன வழியை நான் புரிந்துகொண்டது எங்கள் பக்கத்து விவசாயிகளின் பாஷையில்தான். பாபநாசம் அணையின் உயரம் 143 அடி. அது நிறைந்து நிற்கிற வருஷம் கால்வாய்களில் தண்ணீர் தாராளம். மலையில் மழை பொய்த்தால் கார் சாகுபடிக்கு முறை வைத்துத்தான் தண்ணீர். இருக்கிற நீருக்கு ஏற்ப நடவு. என் தலைக்குள் அந்த வருஷம் அணை பாதிக்குக் கீழே. ஆகவே முறை வைத்தேன். காலையில் பத்து நிமிஷம் வாசிப்பு. மணி அடித்ததும் நிறுத்தம். பிறகு கட்டை விரலை முகத்துக்கு நேரே பிடித்து, அதைப் பார்த்தபடியே தலையை மெல்ல ஆட்டுகிற பயிற்சி. சாயங்காலம் கால்வாய்க் கரை வரை நடை; முதல் வாரம் பாதி தூரம். பத்து நிமிஷ வாசிப்பு பதினைந்து ஆக ஒன்பது நாள் ஆயிற்று. நன்றாக இருக்கிற நாளிலும் அதே அளவுதான், மோசமான நாளிலும் அதே அளவுதான்.

ஏறுமுகமாக மட்டும் போயிற்று என்று சொல்லமாட்டேன். எதிர்த்த வீட்டுக் கல்யாணத்தின் ஒலிபெருக்கி என்னை ஒரு வாரம் பின்னுக்குத் தள்ளியது. ஆனியில் நெல்லையப்பர் தேர் ஓடியபோது ஊரே ரத வீதிகளில் இருந்தது. நான் வீட்டில் இருந்தேன். ஆடியில் நாவலின் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் எழுதினேன். தம்பியின் பெயரும் ஞாபகம் வந்தது. ஆவணியில் ஒருநாள் சமையலறையில் விசில் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டேன். குக்கர் பரணிலிருந்து இறங்கியிருந்தது. என் மனைவி கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்லை" என்றேன். பஸ்ஸில் வாசிக்க இன்றும் முடியவில்லை. கூட்டமான கடையில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் வெளியே வந்துவிடுகிறேன்.

போன மாதம் அடுத்த தெருவிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். ஒன்பதாவது படிக்கிற மகன் சைக்கிளிலிருந்து விழுந்து மூன்று வாரமாகிறதாம். "படத்துல ஒண்ணுமில்லங்காங்க அண்ணாச்சி. இவன் பொஸ்தகத்தைத் தொட்டா தலை வலிக்குங்கான். மட்டம் போடுதான்னு அவுக அப்பா ஏசுதாக" என்றாள். பையனைத் தனியாக உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: வாசிக்கும்போது வரி எங்கே போகிறது?

"கீழ வரியோட ஒட்டிக்கிடுது மாமா" என்றான்.

அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. டாக்டரின் விலாசம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் சில வாரம் அரைநாள் மட்டும் இருக்கவும், பரீட்சையில் கொஞ்சம் கூடுதல் நேரம் தரவும் அவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து விசாரிக்கப் போனேன். தகப்பனார் வாசலிலேயே என்னை மறித்துக் கையால் ஜாடை காட்டினார்.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. பய இப்பத்தான் கண்ணசந்திருக்கான்."