கடன் வாங்காத கணக்கு

முதல் வகுப்பில் சேர்க்க நாள் பார்க்கிறோம். பத்தாம் வகுப்பு என்றால் வீடே விழித்திருக்கிறது. இரண்டாம் வகுப்பு மட்டும் ரயில் நிற்காத ஸ்டேஷன் மாதிரி.

ஆனால் கணக்கின் முதல் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. 52-இல் 27 போக மீதி என்ன? இரண்டில் ஏழு போகாது. "பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு" என்பார் எங்கள் வாத்தியார். வாங்கிய ஒன்று எப்படிப் பத்தாயிற்று என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. மேஜைமேல் பிரம்பு இருந்தது.

அண்மையில் ஓர் அரசுப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் சற்று உட்கார்ந்திருந்தேன். 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' முறைப்படி, பிள்ளைகள் கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து தரையில் அமர்ந்திருந்தார்கள். ஒரு சிறுமியின் முன்னால் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட ஐந்து குச்சிக் கட்டுகள், உதிரி இரண்டு. ஏழு எடுக்க வேண்டும். கொஞ்சம் யோசித்தாள், ஒரு கட்டை அவிழ்த்தாள்.

"கடன் வாங்கினாயா, அம்மா?" என்றேன்.

"எதுக்குத் தாத்தா கடன்? இந்தக் கட்டும் நம்மளதுதானே!"

சொன்னதைச் செய்கிற பிள்ளையும், ஏன் என்று அறிந்து செய்கிற பிள்ளையும் பிரிகிற இடம் அது. அந்த ஸ்டேஷனில் ரயில் நின்றுதான் போகவேண்டும்.